ஆற்றுக்குருடு நோயை ஒரு வட்டாரத்திலிருந்து ஒழிப்பது எப்படி: முதல் கணக்கெடுப்பிலிருந்து இறுதிச் சான்று வரை

ஆற்றுக்குருடு நோயை உண்டாக்கும் ஓங்கோசெர்கா வால்வுலஸ் என்னும் புழுவின் பெண், மனிதத் தோலுக்கு அடியில் ஒரு கழலைக்குள் சுருண்டு கிடந்தபடியே 10 முதல் 15 ஆண்டுகள் வரை உயிர் வாழும். ஒரு சுகாதார அமைச்சர் பதவியில் இருக்கும் காலத்தையும், ஒரு நன்கொடை அமைப்பு வழக்கமாக நிதி ஒதுக்கும் காலத்தையும் விட இது நீண்டது. ஆற்றுக்குருடு நோயை ஒழிப்பதில் உள்ள சிக்கல் பெரும்பாலும் இந்த ஒரு கணக்கிலிருந்தே பிறக்கிறது. மருந்து இருக்கிறது; அது இலவசமாகவும் கிடைக்கிறது; ஆண்டுக்கு ஒரு வேளை விழுங்கினால் போதும். ஆயினும் அந்த ஒரு வேளையை ஊர் முழுவதும் எத்தனை ஆண்டுகள் விடாமல் விழுங்க வேண்டும், எந்த ஆதாரத்தைக் கண்ட பிறகு நிறுத்தலாம் என்பவைதான் கடினமான கேள்விகள்.

பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்களையும், ஆப்பிரிக்க நாடுகளுக்கு மருத்துவப் பணிக்காகச் செல்வோரையும் மனத்தில் கொண்டு, களத்தில் வேலை நடக்கும் வரிசையிலேயே இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இந்நோய் கிடையாது. ஆனால் யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், வீடு வீடாக வந்து மாத்திரை கொடுக்கும் பணியாளர்களைக் கண்டிருக்கும் நமக்கு இந்த வேலையின் சாயல் புதிதாக இராது.

படி 1: சுழற்சியைப் புரிந்துகொள்ளுதல்

நோயைப் பரப்புவது சிமூலியம் இனத்தைச் சேர்ந்த கறுப்பு ஈ. கூன் விழுந்தது போன்ற முதுகும் சில மில்லிமீட்டர் உடலும் கொண்ட இது, கொசுவைப் போல் தேங்கிய நீரை நாடுவதில்லை. பாறைகளில் மோதி நுரைத்து ஓடும் நீரில்தான் முட்டையிடும். அதன் லார்வாக்கள் கல்லிலும், நீருக்குள் தொங்கும் இலை, வேர்களிலும் ஒட்டிக்கொண்டு, ஓடும் நீர் கொண்டுவரும் நுண்துகள்களைத் தின்று வளரும். கிழக்கு ஆப்பிரிக்காவில் சிமூலியம் நீவை என்ற வகையின் லார்வா ஆற்று நண்டின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. எனவே அங்கே ஈயைத் தேடுபவர் முதலில் நண்டு பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பெண் ஈ பகல் நேரத்தில் கடிக்கிறது. நோயாளியின் தோலிலிருந்து அது உறிஞ்சும் குஞ்சுப்புழுக்களில் சில, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தொற்றும் நிலைக்கு வளர்ந்து ஈயின் தலைப் பகுதிக்கு வந்து சேர்கின்றன. அடுத்த கடியில் அவை இன்னொருவரின் உடலுக்குள் நுழைகின்றன. அங்கே அவை முதிர்ந்து, பெண் புழு 30 முதல் 50 செ.மீ. நீளம் வரை வளர்ந்து, கழலைக்குள் தங்கி, நாளொன்றுக்கு ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் குஞ்சுகளை ஈனுகிறது. அந்தக் குஞ்சுப்புழுக்கள் தோல் முழுவதும் பரவி ஓரிரு ஆண்டுகள் உயிரோடிருந்து, ஈயின் வாயில் அகப்படாவிட்டால் அங்கேயே மடிகின்றன.

துன்பம் தருவது இந்த மடிவுதான். செத்த குஞ்சுப்புழுவும், அதன் உடலுக்குள் வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவும் உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடுகின்றன. தோலில் அது தூங்கவிடாத அரிப்பாகவும், காலப்போக்கில் முழங்காலுக்குக் கீழே சிறுத்தைத் தோல்போல் வெளிறிய திட்டுகளாகவும் வெளிப்படுகிறது. கருவிழியிலோ அது தழும்பு மேல் தழும்பாகச் சேர்ந்து பார்வையை மூடிவிடுகிறது. இழந்த பார்வை எந்த மருந்தாலும் திரும்புவதில்லை. 2017ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, தொற்றுள்ள 2 கோடியே 9 லட்சம் பேரில் 1 கோடியே 46 லட்சம் பேருக்குத் தோல் நோயும், 11 லட்சத்து 50 ஆயிரம் பேருக்குப் பார்வை இழப்பும் இருந்தன. 'குருடு' என்ற பெயர் நம் கவனத்தை ஒரே பக்கம் இழுத்துவிடுகிறது. பெரும்பாலான நோயாளிகளின் அன்றாடத் துயரம் அரிப்புதான் என்பதைக் களப்பணியாளர் மறந்துவிடக் கூடாது.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பின்வரும் படிகள் எல்லாம் அதன்மேல் நிற்கின்றன. இந்தப் புழு மனித உடலுக்குள் பெருகுவதில்லை. உள்ளே நுழைந்த ஒவ்வொரு இளம்புழுவும் அதிகபட்சம் ஒரு முதிர்ந்த புழுவாகலாம், அவ்வளவே. ஆகவே ஒரு கடியில் ஒருவர் குருடாவதில்லை. ஆற்றங்கரையில் பிறந்து, அங்கேயே உழுது, மீன் பிடித்து, ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான கடிகளை வாங்கி வாழ்பவர்தான் முப்பது நாற்பது வயதுக்குள் பார்வையை இழக்கிறார். கடிகளையோ, ஈக்குக் கிடைக்கும் குஞ்சுப்புழுக்களையோ போதிய ஆண்டுகள் குறைத்துவைத்தால், பழைய புழுக்கள் மூப்படைந்து சாக, புதியவை சேராமல், நோய் தானே வற்றிப்போகும்.

படி 2: எந்த ஊர்களில் நோய் இருக்கிறது என்று கண்டறிதல்

உலகில் தொற்றுள்ளவர்களில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். யேமனிலும், பிரேசில்–வெனிசுவேலா எல்லைக் காடுகளிலும் எஞ்சியவை உண்டு. நாடு முழுவதும் ஒவ்வோர் ஊராகத் தேடுவது முடியாத காரியம் என்பதால், ஆறுகளின் வரைபடத்திலிருந்தே தொடங்குகிறார்கள்: பாறைச் சரிவும் வேகமான ஓட்டமும் உள்ள இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு மிக அருகிலுள்ள ஊர்களை முதலில் பார்ப்பது முறை.

பழைய முறையில், தோலில் எள்ளளவு கிள்ளி எடுத்து உப்பு நீரில் போட்டு, நீந்தி வெளியே வரும் குஞ்சுப்புழுக்களை நுண்ணோக்கியில் எண்ணினார்கள். இடுப்பெலும்பின் இருபுறமும் கிள்ளப்படும் இந்தச் சோதனைக்கு எந்த ஊரும் இரண்டாம் முறை மகிழ்ச்சியோடு வருவதில்லை. 1990களில் அதற்கு எளிய மாற்று ஒன்று வந்தது. குறைந்தது 10 ஆண்டுகளாக அவ்வூரிலேயே வாழும், 20 வயதைக் கடந்த ஆண்கள் ஏறத்தாழ 50 பேரை அழைத்து, கையால் தடவிக் கழலை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நூற்றுக்கு 20 பேருக்கு மேல் கழலை இருந்தால், தோலில் குஞ்சுப்புழு உள்ளவர்கள் அவ்வூரில் நூற்றுக்கு 40 பேர் அளவில் இருப்பார்கள் என்று கொண்டு, அங்கே ஆண்டுதோறும் மருந்து கொடுக்கத் தொடங்குவார்கள்.

எங்கே தடவிப் பார்ப்பது என்பதும் ஈயைப் பொறுத்தது. ஆப்பிரிக்காவின் சிமூலியம் டாம்னோசம் காலில் கடிப்பதால், கழலைகள் பெரும்பாலும் இடுப்பைச் சுற்றி இருக்கும். குவாத்தமாலாவிலும் மெக்சிக்கோவிலும் ஈ உடலின் மேற்பகுதியைக் கடிப்பதால் தலையிலும் கழலை தோன்றும். 1915இல் குவாத்தமாலாவின் மருத்துவர் ரொடோல்போ ரோப்லெஸ் இந்தக் கழலைகளையும் கண் நோயையும் இணைத்துப் பார்த்ததற்குத் தலைக் கழலைகளே வழிகாட்டின. ஈதான் பரப்புகிறது என்பதை 1926இல் சியரா லியோனில் பிளாக்லாக் நிறுவினார்.

கட்டுப்பாடு மட்டுமே இலக்காக இருந்த காலத்திற்கு 20 சதவீத எல்லை போதுமானதாக இருந்தது. ஒழிப்பு இலக்கான பிறகு, கழலை 5 சதவீதம் மட்டுமே உள்ள ஊரும் கணக்கில் வருகிறது. அங்கே யாரும் குருடாவதில்லை என்றாலும், பக்கத்து ஆற்றை மீண்டும் பற்றவைக்கும் தீப்பொறி அங்கே மிஞ்சியிருக்கலாம். இப்போது இத்தகைய ஊர்களில் இப்புழுவின் ஓவி16 என்ற புரதத்துக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்பொருளை விரல் நுனி இரத்தத்தில் தேடி மறு கணக்கெடுப்பு நடக்கிறது. ஒழிப்புப் பணியில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி இது என்பது என் எண்ணம்.

படி 3: மருந்தைப் பெறுதலும் அளவிடுதலும்

மருந்தின் பெயர் ஐவர்மெக்டின். ஜப்பானின் இட்டோ நகருக்கு அருகே, கோல்ஃப் திடலை ஒட்டிய இடத்தில் எடுத்த மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா பிரித்தெடுத்த நுண்ணுயிரியும், அதிலிருந்து மெர்க் நிறுவனத்தில் வில்லியம் கேம்பெலும் மற்றவர்களும் உருவாக்கிய மருந்தும் முதலில் கால்நடைகளுக்கே பயன்பட்டன. மனிதருக்கு அது பயன்படுமா என்ற முதல் சோதனை 1981இல் செனெகலின் டக்காரில் நடந்தது. ஓமுராவும் கேம்பெலும் 2015ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இம்மருந்து யாருக்குத் தேவையோ அவர்களால் அதை வாங்க முடியாது என்பது தெளிவானதும், 1987இல் மெர்க், வேண்டிய அளவு வேண்டிய காலம் வரை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. அந்த வாக்கு இன்றுவரை நிற்கிறது.

மருந்தின் இயல்பைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வேளை ஐவர்மெக்டின் தோலிலுள்ள குஞ்சுப்புழுக்களை ஓரிரு மாதங்களுக்குள் ஏறக்குறைய முழுவதும் ஒழித்து, பெண் புழு புதிய குஞ்சுகளை வெளியிடுவதைச் சில மாதங்களுக்குத் தடுத்தும் வைக்கிறது. ஆனால் தாய்ப்புழுவைக் கொல்வதில்லை. ஆண்டு முடிவதற்குள் குஞ்சுகள் மீண்டும் தலைகாட்டத் தொடங்கும். ஆகவே ஊருக்கு நாம் கொடுப்பது முழுக் குணம் அன்று, ஓர் ஆண்டுத் தவணை. இதை ஊராரிடம் மறைத்து 'ஒரே மாத்திரையில் சரியாகிவிடும்' என்று சொல்லும் பணியாளர், மூன்றாம் ஆண்டு அவ்வூருக்குள் நம்பிக்கையோடு நுழைய முடியாது.

இனி அளவு. உடல் எடையில் கிலோவுக்கு 150 மைக்ரோகிராம் என்பது விதி. ஆனால் ஆற்றங்கரைச் சிற்றூருக்கு எடைக்கருவியைச் சுமந்து செல்வதும், அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதும் நடைமுறைக்கு ஒவ்வாதவை என்பதால், எடைக்குப் பதில் உயரத்தை வைத்துக்கொண்டார்கள். நான்கு இடங்களில் கோடிட்ட ஒரு மூங்கில் கழியை மரத்தடியிலோ வீட்டுச் சுவரிலோ நிறுத்தி, ஒவ்வொருவராக அதன்முன் வந்து நிற்பார்கள். உச்சந்தலை 90 செ.மீ. கோட்டை எட்டாத குழந்தைக்கு மாத்திரை இல்லை. 90 முதல் 119 வரை 3 மி.கி. மாத்திரை ஒன்று, 120 முதல் 140 வரை இரண்டு, 141 முதல் 158 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிழையின்றிச் செய்யக்கூடிய இந்தக் கழிக்கு ஈடான எளிய கருவி பொதுச் சுகாதாரத்தில் வேறொன்று எனக்குத் தோன்றவில்லை. தலைப்பாகை, செருப்பு, உயர்த்திக் கட்டிய கொண்டை ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டால் போதும்.

மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பாமல், கண்ணெதிரே விழுங்கவைப்பது கட்டாயம். கருவுற்ற பெண்கள், பிள்ளை பெற்று ஒரு வாரம் ஆகாதவர்கள், கடுமையாக நோயுற்றவர்கள் ஆகியோருக்கு அன்று மருந்து இல்லை. அவர்களின் பெயருக்கு எதிரே ஒரு குறி இட்டு, தடை நீங்கியதும் திரும்ப வந்து கொடுக்க வேண்டும். இந்தத் திரும்பி வருதல்தான் முதலில் கைவிடப்படும் வேலை. அடுத்தடுத்துப் பிள்ளை பெறும் ஒரு பெண், குறிப்பேட்டில் ஒவ்வோர் ஆண்டும் நியாயமான காரணத்தோடு விடுபட்டே, பத்தாண்டுகள் ஒரு மாத்திரையும் விழுங்காமல் போய்விடக்கூடும்.

நம் ஊர் யானைக்கால் திட்டத்தில் பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். அதில் வழங்கப்படும் டி.இ.சி. மாத்திரையை ஆற்றுக்குருடு உள்ளவருக்குக் கொடுத்தால், குஞ்சுப்புழுக்கள் ஒரே நேரத்தில் செத்து, கடும் அரிப்பு, காய்ச்சல், இரத்த அழுத்தச் சரிவு ஆகியவற்றோடு கண்ணுக்கும் கேடு நேரலாம். மாட்சோட்டி எதிர்வினை எனப்படுவது இது. இதனால்தான் இரு நோய்களும் சேர்ந்திருக்கும் ஆப்பிரிக்க நாடுகளில் யானைக்காலுக்கும் டி.இ.சி.யைத் தவிர்த்து, ஐவர்மெக்டினும் ஆல்பெண்டசோலும் கொடுக்கிறார்கள்.

படி 4: ஊரின் கையில் ஒப்படைத்தல்

நகரிலிருந்து ஊர்தியில் வரும் குழு ஒரு நாளில் மருந்து கொடுத்துவிட்டுப் போகும் முறை, வயலுக்குப் போனவர்களையும் சந்தைக்குப் போனவர்களையும் தவறவிட்டது. 1995இல் தொடங்கிய ஆப்பிரிக்க ஆற்றுக்குருடு கட்டுப்பாட்டுத் திட்டம் இதைத் தலைகீழாக மாற்றியது. எந்த மாதத்தில் மருந்து கொடுப்பது, யார் கொடுப்பது, வீடு வீடாகவா பொதுவிடத்திலா என்பவற்றை ஊர்க்கூட்டமே முடிவு செய்யும். ஊர் தேர்ந்தெடுத்தவருக்குச் சுகாதாரத் துறை பயிற்சி அளித்து, கழியையும் பதிவேட்டையும் மாத்திரையையும் கொடுக்கும்.

உகாண்டாவில் இன்னும் ஒரு படி இறங்கி, ஊருக்கு ஒருவர் என்பதற்குப் பதிலாக ஒவ்வோர் உறவுமுறைக் குழுவுக்கும் அதிலிருந்தே ஆள் வைத்தார்கள். இதன் பயன் நமக்கு எளிதில் விளங்கும்: தன் பங்காளி வீட்டு மருமகள் கருவுற்றிருப்பதும், எந்தத் தம்பி நகருக்கு வேலைக்குப் போய் அறுப்புக்குத் திரும்புவான் என்பதும் சொந்தக்காரருக்குத் தெரியும்; அவருடைய நடையும் குறையும், மருந்தை மறுப்பவரிடம் உரிமையோடு பேசவும் அவரால் முடியும்.

குறைந்தபட்ச இலக்கு, மருந்துக்குத் தகுதியுள்ளவர்களில் 80 சதவீதம் பேராவது ஒவ்வொரு சுற்றிலும் விழுங்கியிருக்க வேண்டும் என்பது. பதிவேட்டில் இந்த எண் அழகாக வந்துவிடும். மெய்யா என்று அறிய, வெளியாள் ஒருவர் சில வீடுகளைத் தற்செயலாகத் தேர்ந்து நேரில் கேட்டு ஒப்பிட வேண்டும். விழுக்காட்டைவிட முக்கியம், விடுபட்ட 20 பேர் ஒவ்வோர் ஆண்டும் அதே 20 பேரா என்பது. அவர்களாக இருந்தால், மற்றவர்கள் எத்தனை ஆண்டுகள் விழுங்கினாலும் ஈக்கு உணவு தீராது.

பரவல் மிகுந்த இடங்களில் ஆண்டுக்கு இருமுறை கொடுக்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்தில் 1990களின் தொடக்கத்திலிருந்து ஆறு நாடுகள் சேர்ந்து நடத்திய திட்டத்தில் இருமுறையும், சில இடங்களில் நான்கு முறையும் கொடுத்தார்கள். பலன் தெளிவாகத் தெரிந்தது: கொலம்பியா 2013இலும், எக்குவடோர் 2014இலும், மெக்சிக்கோ 2015இலும், குவாத்தமாலா 2016இலும் ஒழிப்புச் சான்று பெற்றன.

படி 5: கண்புழு உள்ள காடுகளில் நிதானித்தல்

மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் லோவா லோவா என்னும் இன்னொரு புழு இருக்கிறது. அது சிலரின் வெள்விழியின் குறுக்கே ஊர்ந்து போவது கண்ணுக்கே தெரியும். அதன் குஞ்சுகள் இரத்தத்தில் மிக அதிகமாக, மில்லிலிட்டருக்கு 30,000-க்கு மேல், இருப்பவருக்கு ஐவர்மெக்டின் கொடுத்தால் மூளை பாதிக்கப்பட்டு நினைவிழக்கவும் உயிர் போகவும் வாய்ப்புண்டு. ஒரே மாவட்டத்தில் இப்படிச் சிலர் இறந்தால், மருந்தின்மேல் ஊர்கள் இழக்கும் நம்பிக்கை ஒரு தலைமுறைக்குத் திரும்பாது.

எனவே இங்கே மருந்துக்கு முன் கேள்வி வருகிறது. முதலில் ஊராரிடம், கண்ணில் புழு ஊர்ந்த அனுபவம் உண்டா என்று படம் காட்டிக் கேட்பார்கள். நூற்றுக்கு 40 பேருக்கு மேல் உண்டு என்றால் அது ஆபத்தான வட்டாரம். அத்தகைய வட்டாரமான கேமரூனின் ஒக்கோலா மாவட்டத்தில் 2015இல் ஒரு புதிய முறை முயலப்பட்டது. கைப்பேசியை நுண்ணோக்கியாக மாற்றும் லோவாஸ்கோப் என்ற சிறு கருவியில் விரல் நுனி இரத்தத்தை வைத்து, துடிக்கும் குஞ்சுகளை அங்கேயே எண்ணி, மில்லிலிட்டருக்கு 20,000-ஐத் தாண்டியவர்களுக்கு மட்டும் ஐவர்மெக்டினைத் தவிர்த்தார்கள். சோதித்த ஏறத்தாழ 16,000 பேரில் நூற்றுக்கு இருவரே அப்படி விலக்கப்பட்டனர். மற்றவர்களில் ஒருவருக்கும் மூளைப் பாதிப்பு நேரவில்லை. லோவாவின் குஞ்சுகள் பகலில்தான் இரத்தத்தில் வெளிப்படும் என்பதால், இந்தச் சோதனையை முற்பகல் 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில்தான் செய்ய வேண்டும்.

விலக்கப்பட்டவருக்கு ஆற்றுக்குருடும் இருந்தால், டாக்சிசைக்ளின் நான்கு முதல் ஆறு வாரம் நாள்தோறும் கொடுக்கலாம். அது புழுவுக்குள் வாழும் வோல்பாக்கியாவைக் கொன்று, அதன்மூலம் பெண் புழுவை மலடாக்குகிறது. ஊர் முழுவதற்கும் ஆறு வாரம் நாள்தோறும் மாத்திரை கொடுப்பது இயலாது; ஒரு சிலருக்கு முடியும். 2018இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற மாக்சிடெக்டின், குஞ்சுப்புழுக்களை ஐவர்மெக்டினைவிட நீண்ட காலம் அடக்கி வைக்கிறது. ஆனால் அதுவும் தாய்ப்புழுவைக் கொல்வதில்லை.

படி 6: ஈயைக் குறைத்தல்

மருந்து வருவதற்கு முன் இதுவே ஒரே வழியாக இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் வோல்ட்டா ஆற்றுப் படுகையில், வளமான கரைநிலத்தை விட்டு ஊர்கள் வறண்ட மேட்டுக்கு ஓடிய நிலையில், 1974இல் உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் ஐ.நா.வின் பிற அமைப்புகளும் ஏழு நாடுகளில் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கின. பின்னர் அது பதினொரு நாடுகளுக்கு விரிந்தது. வாரந்தோறும் ஹெலிகாப்டர்கள் ஆற்றின்மேல் தாழப் பறந்து, பாறைத் தொடர்களுக்குச் சற்று மேலே டெமிபாஸ் ஊற்றின. டெங்குக் காலத்தில் நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் ஊற்றப்படும் அபேட் மருந்தும் இதே டெமிபாஸ்தான். லார்வா முழு ஈயாக மாற ஒரு வாரத்திற்குச் சற்று மேல்தான் பிடிக்கும் என்பதால் வாரக் கணக்கு. ஒரு வாரம் தவறினால் ஒரு தலைமுறை ஈ தப்பிவிடும். ஆற்றில் அன்று எவ்வளவு நீர் ஓடுகிறது என்று அளந்தால்தான் எவ்வளவு மருந்து ஊற்றுவது என்று தெரியும்.

இடர்கள் இருபுறமிருந்தும் வந்தன. காற்றில் ஏறி 400 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் ஈக்கள் மீண்டும் வந்து குடியேறியதால், எல்லையை மேற்கிலும் தெற்கிலும் விரிக்க வேண்டியிருந்தது. 1980இல் ஐவரி கோஸ்ட்டின் கீழ் பண்டாமா ஆற்றில் ஈக்கள் டெமிபாஸை எதிர்த்து வாழத் தொடங்கின, அதன்பின் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தையும் பிற பூச்சிக்கொல்லிகளையும் மாற்றி மாற்றி ஊற்றினார்கள். 2002இல் திட்டம் முடிந்தபோது 6 லட்சம் பேர் குருடாவது தடுக்கப்பட்டிருந்தது, 2.5 கோடி ஹெக்டேர் நிலம் மீண்டும் குடியேறவும் பயிரிடவும் ஏற்றதாகியிருந்தது.

இன்று யாரும் அவ்வளவு ஹெலிகாப்டர்களை அமர்த்தப் போவதில்லை. ஆனால் ஈ ஒரு சிறு ஆற்றோடு நிற்கும் இடங்களில் ஆற்றின் வழியாகவே நோயை முடிக்கலாம். கென்யாவின் நியான்சா பகுதியில் 1940களிலும் 1950களிலும் டி.டி.டி.யை ஓடைகளில் ஊற்றி, நண்டின்மேல் வாழும் ஈயையே இல்லாமலாக்கினார்கள். அந்த விஷத்தை இன்று ஆற்றில் ஊற்ற எவரும் துணிய மாட்டார்கள், துணியவும் கூடாது. அதற்கு மாற்றாக உகாண்டாவிலும் தெற்கு சூடானின் மரிடியிலும் ஊர் இளைஞர்கள் அரிவாளோடு இறங்கி, நீருக்குள் தொங்கும் கொடிகளையும் கிளைகளையும் வெட்டிக் கரையேற்றுகிறார்கள். லார்வா பற்றிக்கொள்ள இலை இல்லாமல் போவதால் கடிகள் வெகுவாகக் குறைகின்றன. கொடி மீண்டும் வளரும், மீண்டும் வெட்ட வேண்டும். மரிடியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஆற்றுக்குருடு மிகுந்த இடங்களில் பிள்ளைகளுக்கு வலிப்பும், தலை தானாகக் கவிழ்ந்து கவிழ்ந்து ஆடும் நோயும் மிகுதியாகக் காணப்படுகின்றன, தொற்றைக் குறைத்தால் புதிய வலிப்பு நோயாளிகளும் குறைகிறார்கள்.

படி 7: நிறுத்தலாமா என்று சோதித்தல்

ஐவர்மெக்டினால் மட்டும் ஆப்பிரிக்காவில் பரவலை முறிக்க முடியுமா என்பதில் நெடுங்காலம் ஐயம் இருந்தது. மாலியிலும் செனெகலிலும் உள்ள மூன்று ஆற்றுப் பகுதிகளில் 15 முதல் 17 ஆண்டுகள் மருந்து கொடுத்த பின் நிறுத்திப் பார்த்ததில் நோய் திரும்பவில்லை என்ற ஆய்வு 2009இல் வெளியான பிறகே, 'கட்டுப்பாடு' என்ற சொல் இருந்த இடத்திற்கு 'ஒழிப்பு' வந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட நெறிமுறை இரண்டு சான்றுகளைக் கேட்கிறது. முதலாவது குழந்தைகளிடமிருந்து. மருந்து தொடங்கி ஆண்டுகள் பல ஆன பின் பிறந்தவர்களைச் சோதித்தால்தான் அண்மைக்காலப் பரவல் தெரியும். பெரியவர்களின் இரத்தத்தில் உள்ள எதிர்பொருள் பழைய கதையையும் சொல்லிக்கொண்டிருக்கும். எனவே 10 வயதுக்குக் குறைந்தவர்களின் விரல் நுனி இரத்தத்தில் ஓவி16 எதிர்பொருளைத் தேடுகிறார்கள். அது இருப்பவர்களின் விகிதம் 95 சதவீத நம்பக எல்லையின் மேல் முனையிலும் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நடைமுறையில் இதன் பொருள், குறைந்தது 2,000 குழந்தைகளைச் சோதித்து அவர்களில் ஒருவரிடம்கூட அது இல்லாமல் இருப்பது.

இரண்டாவது சான்று ஈயிடமிருந்து. பருவம் முழுவதும் ஆற்றங்கரையில் பயிற்சி பெற்ற ஒருவர் முழங்கால் வரை துணியை மடித்துவிட்டு, கையில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியோடு அமர்ந்திருப்பார். ஈ காலில் வந்து உட்கார்ந்ததும், அது கடிப்பதற்கு முன் குப்பியைக் கவிழ்த்து மூடி, நேரத்தை எழுதி, அடுத்த குப்பியை எடுப்பார். காலையிலிருந்து மாலை வரை இப்படி மாறி மாறி இருவர் அமர்வதுண்டு. நோய் ஒழிந்ததா என்பதை இறுதியில் தீர்மானிப்பது இவருடைய பொறுமைதான். மனிதரைத் தூண்டிலாக வைப்பதைத் தவிர்க்க, கரியமில வாயுவையும் வியர்வை வாடையையும் காட்டி ஈயைப் பசைத் துணியில் பிடிக்கும் எஸ்பரான்சா என்ற பொறி மெக்சிக்கோவில் உருவாயிற்று. எல்லா ஈ வகைகளும் அதில் ஒரே அளவுக்குச் சிக்குவதில்லை.

பிடித்த ஈக்களின் தலையும் உடலும் பிரிக்கப்படுகின்றன. தொற்றும் நிலைப் புழு தலையில் இருக்கும் என்பதால், தலைகளைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்துப் பி.சி.ஆர். முறையில் புழுவின் மரபணுவைத் தேடுவார்கள். குறைந்தது 6,000 ஈக்கள் வேண்டும். தொற்றும் புழு உள்ளவை 2,000 ஈக்களுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும். நன்றாகப் பூச்சிக்கொல்லி ஊற்றிய ஓர் ஆற்றில் ஈக்களே குறைந்து போய் 6,000 கிடைக்காமல் திண்டாடுவதும் உண்டு. அப்போது கிடைத்ததை வைத்து முடிவு செய்யாமல், பிடிக்கும் இடங்களையும் நாட்களையும் கூட்டுவதே சரி.

படி 8: நிறுத்திய பின் காத்திருத்தல்

இரண்டு சான்றும் கிடைத்து மருந்து நிறுத்தப்பட்டால், 3 முதல் 5 ஆண்டுகள் கண்காணிப்புக் காலம். அதன் முடிவில் ஈக்களை மீண்டும் சோதித்து, பரவல் இல்லை என்று தெரிந்தால்தான் அந்தப் பகுதியில் நோய் ஒழிந்ததாகக் கொள்வார்கள். நாட்டிலுள்ள எல்லாப் பகுதிகளும் இந்த நிலையை அடைந்த பிறகே உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றுக்கு விண்ணப்பிக்க முடியும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புர்கினா ஃபாசோவின் கொமோவே ஆற்றுப் படுகை சாட்சி. மேற்கு ஆப்பிரிக்கப் பெருந்திட்டத்தின் வெற்றிக் கதைகளில் ஒன்றாக எண்ணப்பட்ட அங்கே, 1989இல் ஆற்றில் மருந்து ஊற்றுவது நிறுத்தப்பட்டது. 2010இல் ஊர்களில் தோல் சோதனை செய்தபோது புழு மீண்டும் பரவியிருந்தது தெரிந்தது. 2011இல் ஐவர்மெக்டினை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அந்த ஊர்களுக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் இடையே ஆட்கள் ஓயாமல் போய்வருகிறார்கள். 2002க்குப் பின் அந்த நாட்டில் நிகழ்ந்த உள்நாட்டுப் போர் அங்கே நோய்க் கட்டுப்பாட்டையும் குலைத்திருந்தது.

எல்லை தாண்டும் ஆறுகளில் இரு நாடுகளும் ஒரே மாதத்தில் மருந்து கொடுத்து, ஈச் சோதனை முடிவுகளைப் பரிமாறிக்கொண்டு, நிறுத்துவதையும் கூடிப் பேசியே முடிவு செய்ய வேண்டியது இதனால்தான். அமெரிக்கக் கண்டத்தில் எஞ்சியிருப்பது யனோமாமி மக்கள் வாழும் பிரேசில்–வெனிசுவேலா மழைக்காடு. எல்லையின் இருபுறமும் இடம் மாறி வாழும் 30,000-க்கும் மேற்பட்ட மக்கள் அவர்கள். சில குடியிருப்புகளுக்கு ஹெலிகாப்டரில்தான் போக முடியும். சட்டவிரோதத் தங்கச் சுரங்கக்காரர்களால் மருந்துக் குழுக்கள் போகவே முடியாத மாதங்களும் உண்டு.

2025 ஜனவரியில் நைஜர் ஒழிப்புச் சான்று பெற்றது. ஆப்பிரிக்காவில் முதல் நாடு, உலகில் ஐந்தாவது. அதன் வரலாற்றில் இந்தப் படிகள் வேறு வரிசையில் அமைந்தன. 1976 முதல் 1989 வரை ஆற்றில் பூச்சிக்கொல்லி. பின்னர் 2008 முதல் 2019 வரை யானைக்கால் நோய்க்காகக் கொடுத்த ஐவர்மெக்டினும் ஆல்பெண்டசோலும் இதற்கும் சேர்ந்து வேலை செய்தன. கையில் சான்று வந்த பிறகும் ஈப் பிடிப்பவரின் வேலை அங்கே முடியவில்லை. அண்டை நாடுகளில் நோய் இன்னும் இருக்கும்வரை, ஆற்றங்கரையில் ஈக்களைப் பிடித்துத் தலைகளைச் சோதனைக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.